கடைசி வேட்டுக்கு முன்

"உலகத்தப் படைக்கறதுக்கு முன்னாடி உங்க சாமி என்னடா பண்ணிக்கிட்டிருந்தாரு, ஏசுராசு?"

கங்கப்பன் மேஸ்திரி இதைக் கேட்டது மத்தியானச் சோற்று நேரத்தில். கிருஷ்ணகிரியில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. பர்கூர்ப் பக்கத்து மலை ஒன்றை நாங்கள் உடைத்து உடைத்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஜம்பர் கம்பியால் பாறையில் குழி அடிப்பது என் வேலை. குழியில் மருந்து கெட்டித்துத் திரி பற்றவைப்பது கங்கப்பன் வேலை. அவருக்கு இடது கையில் இரண்டு விரல் கிடையாது. மிச்ச விரல்களால் களியை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"தூங்கிக்கிட்டிருந்திருப்பாரு" என்றான் முனிவேல். வேட்டு நேரத்தில் சாலையில் சிவப்புக் கொடி பிடிக்கிறவன் அவன்.

"எங்கடா தூங்குவாரு? பாய விரிக்கத் தரையே இல்லையே அப்ப."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்தது. "உங்க சாமி மட்டும் என்ன பண்ணுச்சாம், மேஸ்திரி?"

"எங்க சாமி கல்லுடா. மலையோட பொறந்துச்சு, மலையோட போவும். அதுக்கும் நாமதான் வேட்டு வெச்சுட்டமே. அதுல எனக்கு வம்பே இல்ல. நீதான் உன் சாமி எல்லாத்துக்கும் முன்னாடி இருந்தாருன்னு சொல்றவன். முன்னாடின்னா எப்ப? காலம்னு ஒண்ணு இருந்தாத்தான முன்னாடி? அந்தக் காலத்த யாரு செஞ்சது? அவருக்கும் ஒரு தொடக்கம் இருக்கோணுமா, இல்லையா?"

எனக்கு எழுத்தே அப்போதுதான் பிடிபட்டிருந்தது. என் பெண்சாதி அருள்மேரி கன்னியாஸ்திரீகளிடம் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு ஜெபப் புத்தகத்தை விரித்து வைத்து, விளக்குமாற்றுக் குச்சியால் தொட்டுத் தொட்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். கம்பி பிடித்த கை என்பதால் எனக்குக் கண்ணைவிட விரல் முந்தும். எழுத்தைத் தடவித்தான் படிப்பேன். அதற்கு அவள் சிரிப்பாள்.

சாயங்காலம் அவளிடம் கேட்டேன். அப்போது அவள் நிறைமாதம்.

"சர்வேசுரனுக்குத் துவக்கமும் இல்ல, முடிவும் இல்ல. அதான் போட்டிருக்குதே" என்றாள்.

"அது போட்டிருக்குது. முன்னாடி என்ன பண்ணாருன்னு போடலையே."

"முன்னாடி பண்ணது நமக்கு எதுக்குங்க? பின்னாடி என்ன தரப்போறாருன்னு பாருங்க" என்று வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் தேவமணியிடம் கேட்டேன். எங்கள் கோவில் மலைக்கு அந்தப் பக்கம். சாமியார் மாதம் ஒருமுறை வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் கதவு திறப்பது, மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லித்தருவது, செத்தவர்களைப் புதைப்பது எல்லாம் உபதேசியார்தான். ஒரு கால் சூம்பின மனிதர். குடையை ஊன்றித்தான் நடப்பார்.

என் கேள்வியைக் கேட்டு அவர் கோபப்படவில்லை. "நீ கல்லுடைக்கறவன். உனக்குச் சொன்னாப் புரியும்" என்றார். "வேட்டே வெக்காத ஒரு முழுப் பாறை. அதுல முன்கல்லு எது, பின்கல்லு எது?"

"உடைச்சாத்தானுங்க முன்னும் பின்னும்."

"அதேதான். காலத்தையும் அவருதான் படைச்சாரு. வானம், பூமி, காலம் எல்லாம் ஒண்ணாப் பொறந்தது. அதுக்கு முன்னாடின்னு கேக்க, முன்னாடின்னு ஒண்ணே கிடையாது. நமக்குத்தான் அது துண்டு துண்டா வருது, நேத்து, இன்னைக்கு, நாளைக்குன்னு. அவருகிட்ட உடையாம கெடக்குது."

நான் அதை அப்படியே மறுநாள் மலைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பாதி வழியில் மறந்துவிடுமோ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். கங்கப்பன் கேட்டுவிட்டுப் பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவருக்கு வேட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணுதான்?"

"ஆமா மேஸ்திரி."

"கிண்ணுன்னு நிக்கற மலையையும், உடைஞ்ச ஜல்லியையும் ஒரே நேரத்துல பாக்கறாரு?"

"ஆமா."

"பொறக்கறதையும் சாவறதையும்?"

"ஆமான்னா ஆமாதான்."

"பாவம்டா உங்க சாமி" என்றார். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

ஐப்பசி மழையில் பாப்பா பிறந்தாள். பக்கத்துக் குடிசை முனிலட்சுமி அக்கா பிரசவம் பார்த்தாள். தெலுங்குக்காரி, அவள் புருஷனும் எங்களோடு கல்லுடைக்கிறவன். பிள்ளையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தபோது, சுற்றின துணிதான் கனத்தது. "கோழிக்குஞ்சு மாதிரி இருக்குது, ஆனா கத்தறதப் பாரு" என்றாள்.

ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டோம். எங்களில் தலைப்பிள்ளைக்குத் தாய்மாமன்தான் ஞானத் தகப்பனாக நிற்க வேண்டும். அவன் மடியில் வைத்துத்தான் பெயர் சொல்ல வேண்டும். அருள்மேரியின் அண்ணன் இன்னாசிமுத்து கோலார் தங்கச் சுரங்கத்தில் இருந்தான். சாமியார் வரும் ஞாயிறு லீவு போட்டுச் சால்வையும் வளையலும் வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். உபதேசியார் ஒருதரம் வந்து பார்த்து, "புள்ள மெலிசா இருக்குது. நானே தண்ணி ஊத்திடட்டுமா?" என்றார். மாமன் மனம் கோணும் என்று நாங்கள்தான் வேண்டாம் என்றோம்.

அந்த ஞாயிற்றுக்கு முன்பே பாப்பாவுக்கு மாந்தம் கண்டது. பால் குடிப்பதை நிறுத்திவிட்டாள். வயிறு தப்பட்டை மாதிரி விறைத்துவிட்டது. முனிலட்சுமி அக்கா வசம்பு சுட்டுக் கொடுத்தாள், வேப்பெண்ணெய் தடவினாள். காலையில் பிள்ளையின் கண்ணைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது என் கைக்கு அடங்கல. உங்க சாமிக்காரரக் கூட்டியா" என்றாள்.

அருள்மேரி என்னைப் பார்த்தாள். "உபதேசியார இட்டுக்கிட்டு வந்துடுங்க."

"நான் வர்றதுக்குள்ள ஏதாச்சும்னா நீயே ஊத்திடு. மந்திரம் உனக்குத் தெரியுமில்ல. ஆபத்துக்கு யாரு வேணா ஊத்தலாம்னு அவரே சொல்லியிருக்காரு."

"நான் தீட்டுக்காரிங்க. என் வாயால எப்பிடி அத?"

நம் வேதத்தில் அப்படித் தீட்டு எதுவும் இல்லை என்று உபதேசியார் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். தலையாட்டியும் இருக்கிறோம். எங்கள் ஜனம் வேதத்தில் சேர்ந்து நாலு தலைமுறை ஆகியும் தீட்டு மட்டும் ஞானஸ்நானம் வாங்கவில்லை. போவதற்கு முன் நானே ஊற்றியிருக்கலாம். ஆனால் இருக்கிற உயிரைப் போகப்போகிற உயிர் என்று வைத்து ஊற்ற எனக்குக் கை வரவில்லை. "ஓடிப் போயி ஓடி வந்துடறன்" என்று கிளம்பிவிட்டேன்.

போகும்போது ஓடினேன். வரும்போது உபதேசியாரை முதுகில் சுமந்துகொண்டு வந்தேன். பாதி தூரம் அவர் குடையை ஊன்றி ஊன்றி நடந்து பார்த்தார். நான் பொறுக்க முடியாமல் உட்கார்ந்து, "ஏறுங்க ஐயா" என்றேன். மந்திரித்த தண்ணீர்ப் புட்டியை ஒரு கையிலும் குடையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு அவர் என் முதுகில் இருந்தார். எதிரே வந்த வண்டிக்காரன் சிரித்தான். சிரிக்கட்டும்.

சாலை மலைக்கு அடியில் திரும்புகிற இடத்தில் முனிவேல் கொடியோடு நின்றான்.

"நில்லு, நில்லு! திரி பத்திக்கிச்சு!"

மேலே பார்த்தேன். கங்கப்பன் பாறைச் சரிவில் ஆடு மாதிரித் தாவி இறங்கி ஓடிக்கொண்டிருந்தார். பற்றவைத்த திரியை யாரும் நிறுத்த முடியாது. கலெக்டர் வந்தாலும் கொடியைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் மலையில் சட்டம். வேறு வழி உண்டு. மலையைச் சுற்றிக்கொண்டு போனால் பொழுது சாய்ந்துவிடும்.

"முனிவேலு, எம் புள்ளடா!"

"தெரியும்டா. நீ போனா நீ மட்டுமா போவ? ஐயாவையும் சேத்து ஜல்லி ஆக்கிருவ. உக்காரு." கொடிக் கம்பை என் மார்புக்குக் குறுக்கே வைத்துப் பாறை மறைவுக்குத் தள்ளினான்.

வேட்டுகள் வெடித்தன. முந்தின நாள் குழி அடித்தவன் நான். எத்தனை என்று என் விரல்களுக்கே தெரியும். ஒவ்வொன்றாக எண்ணி மடக்கினேன். கடைசி விரல் மடங்கவில்லை.

"ஒண்ணு பாக்கி" என்றான் முனிவேல்.

ஒன்று பாக்கி என்றால் மலையில் யாரும் அசையக் கூடாது. திரி நடுவில் அணைந்திருக்கலாம். அணைந்த மாதிரி இருந்து உள்ளே கனிந்துகொண்டும் இருக்கலாம். ஒரு பானை களி வேகிற நேரம் காத்திருந்து, பிறகு கங்கப்பன் தனியாகப் போய்ப் பார்த்து விசில் ஊதினால்தான் வழி. அவசரப்பட்டுப் போய்ப் பார்த்தவர்களில் ஒருவர்தான் அவர்; அதில்தான் அந்த விரல்கள் போயின.

புழுதி அடங்கியது. கரிக்குருவி ஒன்று வந்து கொடிக் கம்பில் உட்காரப் பார்த்துவிட்டுப் போனது. உபதேசியார் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஐயா, அவருகிட்ட காலம் உடையாம கெடக்குதுன்னீங்க."

"ஆமாப்பா."

"அப்ப அவரு கண்ணுல நாம இந்நேரம் போய்ச் சேந்துட்டோமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "சேந்துட்டோம்" என்றார்.

அந்த வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. சர்வேசுரன் கண்ணில் நாங்கள் குடிசைக்குள் இருக்கிறோம், தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, பிள்ளை அழுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கொடிக்குப் பின்னால் உட்கார்ந்து நினைக்க வேறு எதுவும் இல்லை.

பிறகு பாக்கி வேட்டு வெடித்தது. யாரும் எதிர்பாராத நேரம். மலையே ஒருதரம் இருமின மாதிரி இருந்தது. காத்திருந்ததுதான் சரி; நான் ஓடியிருந்தால் அப்போது அதன் அடியில் இருந்திருப்பேன். யாரைத் திட்டுவது? விசில் கேட்டதும் உபதேசியாரை மறுபடி தூக்கிக்கொண்டு ஓடினேன்.

குடிசைக்குள் அருள்மேரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை மடியில். பிள்ளையின் தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. பித்தளைச் சொம்பு கீழே சாய்ந்து, சாணி மெழுகின தரையில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. முனிலட்சுமி அக்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள்.

உபதேசியார் பாதி திறந்த புட்டியை மூடினார். குனிந்து பிள்ளையின் மார்பில் உள்ளங்கையை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். பிறகுதான் கேட்டார்.

"தண்ணி ஊத்தினயா அம்மா?"

"ஊத்தினன்."

"மந்திரம் சொல்லியா?"

"பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து, முழுசும் சொன்னன். பேரும் சொன்னன்."

"அப்ப உயிர் இருந்துச்சா?"

அவள் சாய்ந்து கிடந்த சொம்பைப் பார்த்தாள்.

"எதுக்கு சாமி இதெல்லாம் பெத்தவள இப்பக் கேக்கற?" என்றாள் முனிலட்சுமி அக்கா.

அவர் அவளுக்குப் பொறுமையாகச் சொன்னார். உயிர் இருக்கும்போது ஊற்றின தண்ணீர் என்றால் அது ஞானஸ்நானம். பிள்ளை சம்மனசு மாதிரி, தேவதூதர் மாதிரி, நேரே மோட்சம் போகும்; கல்லறைத் தோட்டத்துக்குள் புதைக்கலாம். போன பிறகு ஊற்றினது என்றால் அது வெறும் தண்ணீர். சுவருக்கு வெளியேதான் புதைக்க வேண்டும்.

"சுவத்த விடுங்க" என்றாள் அருள்மேரி. "புள்ள எங்க போவும்?"

"நரகமில்லம்மா. நோவு கிடையாது, நெருப்புக் கிடையாது. சர்வேசுரன் முகத்தப் பாக்காத ஒரு எடம்."

"எம் மொகத்த?"

எனக்கு அப்போதுதான் முழுக்க உறைத்தது. அந்த இடத்தில் பிள்ளை தனியாக இருக்கும். நாங்கள் செத்து எங்கே போனாலும் அங்கே போக மாட்டோம். எல்லாம் இவள் வாயில் வரப்போகும் ஒரு சொல்லில் இருக்கிறது.

முனிலட்சுமி அக்கா சட்டென்று, "இருந்துச்சு! நான் பாத்தன், இந்தக் கண்ணால பாத்தன். அந்தக் கடைசி வேட்டுக்குப் புள்ள தூக்கிப் போட்டுச்சு. உயிர் இல்லாமயா தூக்கிப் போடும்?" என்றாள்.

உபதேசியார் முகம் மலர்ந்தது. "வேட்டுக்கு முன்னாடி ஊத்தினயா அம்மா, பின்னாடியா?"

"வேட்டு வெடிக்கறப்ப."

"அப்ப பாப்பா அசைஞ்சாளா?"

"அசைஞ்சா" என்றாள். நிறுத்தினாள். "சொம்புத் தண்ணியும்தான் அசைஞ்சுது."

உபதேசியார் எழுந்தார். "யோசிச்சுச் சொல்லும்மா. சந்தேகம்னு சொன்னாக்கூடப் போதும். சந்தேகத்த நான் புள்ள பக்கம் எடுத்துக்குவன். ரெண்டாம் தரம் கேக்க மாட்டன்" என்று சொல்லி வெளியே போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். கையை வைத்துப் பார்த்த பிறகுதான் அவர் கேட்டார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்தே புரிந்தது. குளிர்ந்த மார்பைத் தொட்டுவிட்டு வந்துதான் அந்த மனிதர் மோட்சத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன ஆச்சு, மேரி?"

"வேட்டு எண்ணிக்கிட்டிருந்தன்" என்றாள். கல்லுடைக்கிறவன் பெண்சாதிகள் எல்லோரும் எண்ணுவார்கள். இத்தனை குழி என்று நான் சொல்லி வைத்திருப்பேன். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் அவளுக்கு அடுப்பில் மனம் போகும். "ஒண்ணு பாக்கின்னு தெரிஞ்சுச்சு. அதுவும் வெடிச்சிட்டா வழி தெறப்பாங்க, நீங்க வந்துடுவீங்க, உபதேசியார் வாயால நடக்கும்னு உக்காந்திருந்தன். சொம்பு பக்கத்துலயே இருந்துச்சு. பாக்கி வெடிக்கட்டும், வெடிக்கட்டும்னு..."

"சரி."

"அது வெடிக்கவே இல்ல. பாப்பா ரெண்டு தரம் வாயத் தெறந்தா. அப்பறம் தெறக்கல."

"வேட்டுக்கு அசைஞ்சா இல்ல?"

"சொன்னனே."

நான் அவள் கையைப் பிடித்தேன். "மேரி, இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அது பொய்யே இல்ல. உடையாத பாறைன்னு உபதேசியார்தான சொன்னாரு? சர்வேசுரனுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. நீ ஊத்தின தண்ணியும் பாப்பா மூச்சும் அவருகிட்ட ஒண்ணாத்தான் இருக்குது. அவரு பிரிக்காதத நாம ஏன் பிரிக்கோணும்? அவரு கண்ணுல முன்னாடி ஊத்தினாலும் ஒண்ணுதான், பின்னாடி ஊத்தினாலும் ஒண்ணுதான்."

என் ஆயுசில் அவ்வளவு நன்றாக நான் பேசினது கிடையாது. பேசும்போதே எனக்கு அது நிஜம் என்று பட்டது. உலகம் பிறப்பதற்கு முன்னால் காலம் இல்லை என்றால், காலம் இல்லாத இடத்திலிருந்து பார்க்கிறவருக்கு இவள் கொஞ்சம் பிந்தினது எப்படிக் கணக்காகும்?

வாசலில் நிழல் விழுந்தது. கங்கப்பன். தலைத்துண்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மாடி" என்றார். "அவன் சொல்றதக் கேளு. அந்த வேட்டு வெச்சவன் நான். நான் சொல்றன், அது வெடிக்கறப்பப் புள்ளைக்கு உயிர் இருந்துச்சு. போதுமா? உங்க சாமி வந்து என்னக் கேக்கட்டும். எனக்கும் அவருக்கும் பழைய வழக்கு ஒண்ணு இருக்குது, அதோட சேத்து இதையும் பேசிக்கறன்."

அருள்மேரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று அவள் முகத்தில் வந்து போனது.

"உக்காருங்க மேஸ்திரிண்ணா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்றது நெசம்னே வெச்சுக்குவோம். அவருக்கு முன்னாடி பின்னாடி கிடையாது. அப்ப பாப்பா போறத அவரு எப்பப் பாத்தாரு?"

"எப்பவும் பாக்கறாரு."

"உலகத்தப் படைக்கறதுக்கு முன்னாடியும்?"

"முன்னாடின்னு ஒண்ணு..."

"சரி. எப்பவும். நமக்குக் கோவில்ல கல்யாணம் மந்திரிச்சப்பவும், நான் வயித்தத் தடவிக்கிட்டு உங்ககிட்டச் சிரிச்சப்பவும், இது வாயத் தெறந்து மூடறத அவரு பாத்துக்கிட்டிருந்தாரு. இப்பவும் பாக்கறாரு. நாளைக்கும். அவருகிட்ட அது இன்னும் முடியல, பாருங்க. பாப்பா போயிக்கிட்டே இருக்கா. எப்பவும் போயிக்கிட்டே இருப்பா."

"மேரி..."

"எனக்கு முடிஞ்சிருச்சு. ஒரு வேட்டு பாக்கி இருக்கறப்ப முடிஞ்சிருச்சு. அதுக்கு மேல அவளுக்கு நோவு இல்ல. இந்த முன்னாடி பின்னாடி ஒண்ணுதான் எங்கிட்ட இருக்குது. அதையும் இல்லன்னு சொல்லிட்டு அவருகிட்டக் கொடுக்கச் சொல்றீங்களா?"

"கொடுத்தா அவளப் பாப்பமே, மேரி. என்னைக்காச்சும்."

அவள் வெகுநேரம் பிள்ளையின் ஈரத் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் இளகிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"பொய் சொல்லி உள்ள தள்ளின எடத்துல எம் புள்ள எம் மொகத்தப் பாத்து என்ன கேப்பா? சொம்பு பக்கத்துலதான இருந்துச்சுன்னு கேப்பா."

கங்கப்பன் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு வெளியே போனார். 'பாவம்டா உங்க சாமி' என்று அன்றைக்குச் சொன்னவர்தான்.

உபதேசியாரை அவளே கூப்பிட்டாள். அவர் வாசலில் நின்று, "சந்தேகம்தானம்மா?" என்றார். கேள்வியைவிட அது கெஞ்சலாக இருந்தது.

"சந்தேகம் இல்லைங்க. போன பின்னாடிதான் ஊத்தினன்."

அவர் குடையின் மேல் இரண்டு கையையும் வைத்து அப்படியே நின்றார். "நான் கேட்டிருக்கவே கூடாது" என்றார் கடைசியில். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

பொழுது இருக்கும்போதே எடுத்துப் போனோம். கல்லறைத் தோட்டத்துச் சுவர் என் முழங்கால் உயரம்தான். ஆடுகள் தாண்டிப் போய் மேயும். சுவருக்கு வெளியே சப்பாத்திக்கள்ளிக்கு நடுவில் கங்கப்பன் கடப்பாரை போட்டார். ஒரு சாண் மண்தான். அதற்குக் கீழே பாறை. உள்ளே, சுவருக்கு அந்தப் பக்கம், நல்ல செம்மண். முனிவேல் ஓடிப் போய் என் ஜம்பர் கம்பியை எடுத்து வந்தான். வேறு யாரும் வேண்டாம் என்று நானே அடித்தேன். மருந்துக்குக் குழி அடிக்கிற அதே கை, அதே தாளம். மருந்துக் குழியைவிடக் கொஞ்சம் அகலம் போதுமாக இருந்தது.

உபதேசியார் சுவருக்கு உள்பக்கம் நின்றார். வெளியே வந்து மந்திரம் சொல்ல அவருக்கு உத்தரவு இல்லை. உள்ளே நின்று அவர் உதடுகள் அசைந்தன. அவருக்குத் தெரிந்த கணக்கில் அது சேருமோ சேராதோ.

ஞாயிற்றுக்கிழமை இன்னாசிமுத்து வந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே சால்வையைத் தோளில் விரித்துப் போட்டுக்கொண்டு சிரித்தபடி வந்தான். யாரும் அவனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கவில்லை. வளையல்களை என்ன செய்வது என்று தெரியாமல் சாயங்காலம் வரை கையிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்பிப் போகும்போது கூரை எரவாணத்தில் செருகிவிட்டுப் போனான். அடுத்த மழைக்கு ஓலை மாற்றும்போது பார்த்தேன், இல்லை. அருள்மேரி எடுத்திருப்பாள். நான் கேட்கவில்லை. என்ன பெயர் சொல்லித் தண்ணீர் ஊற்றினாள் என்பதையும் நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நான் அதே மலைக்குத்தான் போனேன். வேறு எங்கே போவது? சோற்று நேரத்தில் கங்கப்பன் என்னோடு சாமிப் பேச்சு எடுப்பதை விட்டுவிட்டார். ஒருதரம் புதிதாக வந்த ஒருவன் என் கழுத்துச் சுரூபத்தைப் பார்த்து, "உங்க சாமி எப்ப பொறந்தாரு?" என்று ஆரம்பித்தான். கங்கப்பன் களியிலிருந்து தலையைத் தூக்காமல், "தின்னுடா" என்றார்.

ஜெபப் புத்தகத்தை நான் இப்போதும் விரலால் தடவித்தான் படிக்கிறேன். துவக்கமும் இல்லை முடிவும் இல்லை என்கிற வரி வரும்போது விரல் தானாக நின்றுவிடுகிறது. முன்பெல்லாம் அதை அவருடைய பெருமை என்று நினைத்திருந்தேன். முடிவு இல்லாதவருக்கு எதுவும் முடிந்துபோவதில்லை. மூச்சுக்கு வாயைத் திறந்த பிள்ளையை அவர் அப்படியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உலகத்துக்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டாரே மேஸ்திரி, ஒருவேளை இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

அருள்மேரி இப்போது வேட்டு எண்ணுவதில்லை. எத்தனை குழி என்று நான் சொல்வதையும் நிறுத்திவிட்டேன். ஒருநாள் காய்ச்சலில் வேலைக்குப் போகாமல் குடிசையில் படுத்திருந்தபோதுதான் பார்த்தேன். முதல் வேட்டுச் சத்தம் கேட்டதும் அவள் செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு வந்து அந்தப் பித்தளைச் சொம்பின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் வாயை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டாள். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று என்று மலை அதிர்ந்தது. பிறகு நின்றது. விசில் ஊதிவிட்டார்கள், சாலையில் லாரிகள் கிளம்பும் சத்தம்கூடக் கேட்டது.

"முடிஞ்சுது, மேரி" என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை.